அலுமினியக் குளிர்

போன வருசம் சித்திரையில, கரண்டு நெனச்சா வர்றதும் நெனச்சா போறதுமா எங்க உசுர வாங்கினப்ப, இந்தக் காலனியில பால் பாக்கெட்டு, தயிரு, தோசை மாவு, நானு கட்டி விக்கற மல்லிகப்பூ, சரோஜினி டீச்சரோட சக்கரை ஊசி மருந்து, இத்தனையும் கெட்டுப்போகாம நின்னுச்சுன்னா அது ஒரு ஏரோப்ளேன் புண்ணியத்துலதான். மேல பறக்கிற ஏரோப்ளேன் இல்லீங்க. அது எங்களுக்கென்ன புதுசா, சூலூர்ல பட்டாளத்து ரன்வே காம்பவுண்டை ஒட்டித்தான் குடியிருக்கிறோம், தலைக்கு மேல நாள் பூராவும் அதுகதான் போகுது வருது. இது மொழங்கை நீளம், ப்ளாஸ்டிக்குல செஞ்சு வெள்ளி பூசினது, ஒரு கம்பியில சொருகி நிக்கும். கிட்டப் போனாலே ஜிலுஜிலுன்னு இருக்கும், தொட்டா வெரல் வெறைச்சுப் போகும். முக்குல பூக்கடை வெச்சிருக்கிற சொர்ணம் சொல்றேன், அந்தக் கோடையில என்ற பூவு ஒரு நாளு கூட வாடலீங்க.

செஞ்சவன் ஆறுச்சாமி. பல் டாக்டருங்களுக்குப் பல் செட்டு செஞ்சு குடுக்கிறவன், ஊட்டு முன்ரூமுதான் பட்டறை. சோலி இல்லாத நேரத்துல, சோலி தலைக்கு மேல கெடக்கிற நேரத்துலயுந்தான், பொட்டியில துண்டு துண்டா வர்ற பொம்மை ப்ளேனை ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் பொண்டாட்டி கோகிலா, "எனக்குச் சக்களத்தி இருக்கறா, அவளுக்கு ரெக்கை வேற இருக்குது"ன்னு சொல்லிச் சிரிப்பா. பச்சைப் பெயிண்டு, நீலப் பெயிண்டு அடிச்ச ப்ளேனையெல்லாம் அவன் சட்டையே பண்ண மாட்டானுங்க. பெயிண்டே அடிக்காத ப்ளேனு, வெறும் தகடாவே வானத்துல போனது இருக்குதே, அதைச் செய்யோணும், பெயிண்டு அடிச்சே பெயிண்டு அடிக்காத மாதிரிக் காட்டோணும், அதுதான் அவன் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தைச் சொன்னா உங்களுக்கும் தலை சுத்தும். ஒட்டு வாய் தெரியாம மக்குப் பசை வெச்சு அடைச்சு, தண்ணி தொட்டுத் தொட்டு உப்புத்தாளுல தேய்ப்பான், வழுவழுன்னு ஆனப்பறம் அதைவிட நைசான தாளு, அதுக்கும் நைசா இன்னொண்ணு. அப்பறம் கருப்புப் பெயிண்டை மொகம் பாக்கற அளவுக்கு மினுமினுன்னு அடிச்சு, அது காயற வரைக்கும் ஃபேன் போடக்கூடாது, பெருக்கக்கூடாது, தும்மக்கூடாதுன்னு ஊட்டையே ஜெயிலாக்கி, அந்தக் கருப்பு மேலதான் அலுமினியப் பெயிண்டை மூச்சு விடற அளவுக்கு லேசா, பட்டும் படாம ஊதுவான். "வெள்ளி ஒரு வெசம்க்கா"ம்பான். "பச்சை அடிச்சா கீறலை மறைச்சுக்கும். வெள்ளி அடிச்சா மறைஞ்சு கெடந்த கீறலெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கும்." ஒரு மசுரு கனத்துக்குக் கீறல் தெரிஞ்சாலும் மொத்தத்தையும் கழுவி எடுத்துட்டு மறுபடி உப்புத்தாளுதான். ஒவ்வொரு தகடும் தனித்தனியாத் தெரியறதுக்கு டேப்பு ஒட்டி ஒட்டி ஊதோணும், அந்த டேப்பு பெயிண்டைப் பிச்சுக்கிட்டு வந்துரக் கூடாதுன்னு மொதல்ல தன்ற தொடையில ஒட்டி எடுத்துப் பசையைச் சாகடிச்சுக்குவான். அவனோட வலது தொடையில மருந்துக்குக் கூட மயிரு கெடையாதுன்னு கோகிலா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இப்படி அவன் ஒரு ரெட்டை என்ஜின் சரக்கு ப்ளேனைப் பளபளன்னு முடிச்சு வெச்சிருந்த நாள்ல, மாவு மில்லு வேலாத்தாக்கா ஒடஞ்சு போன பல் செட்டை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அங்க வந்தா. அக்காளுக்கு அறுபது தாண்டிருச்சு. மில்லு சத்தத்துல காது மந்தம், அதனால சாதாரணமா பேசுனாலே நாலு ஊட்டுக்குக் கேக்கும். ப்ளேனைப் பாத்தா, பல்லை மறந்தா.

"இதென்ன சாமி, சீர்வரிசைச் சொம்பாட்டம் மினுக்கி வெச்சிருக்கறே? எங்கூட்டுக்காரர் போன ப்ளேனு இப்படியா இருந்துச்சு?"

அவ ஊட்டுக்காரர் பொன்னுரங்கம் பட்டாளத்துல இருந்தாரு. ரோடே இல்லாத மலையில காவல் இருக்கிற சிப்பாய்ங்களுக்கு அரிசி பருப்பு மூட்டைய ப்ளேன்ல கொண்டு போயி, கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு மேல இருந்து தள்ளி விடற வேலை. கல்யாணமாகி ரெண்டாவது தீவாளி வர்றதுக்குள்ள ஒரு நாளு காத்தால ஏறிப் போன ப்ளேனு திரும்பலை. மலையில தேடுனாங்க, காட்டுல தேடுனாங்க, ஒரு ஆணி கூடக் கெடைக்கலை. செத்தாருன்னு சொல்லலை, இருக்காருன்னும் சொல்லலை. காணோம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க, அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு இவ ஒண்டியா இத்தனை வருசம் மில்லு ஓட்டிக்கிட்டிருக்கறா.

"நீங்க பாத்திருக்கீங்களாக்கா?" ஆறுச்சாமிக்கு நாக்குல எச்சி ஊறிருச்சு. அய்யோ பாவம்னு கேக்கலீங்க அவன், நெறம் தெரிஞ்சுக்கத்தான் கேட்டான்.

"ஒருக்கா கூட்டிட்டுப் போயி காமிச்சாரு. வெயில்லயும் மழையிலயும் கெடந்து மங்கிப் போயிருந்துச்சு. ஒரு தகடு சாம்பலாட்டம், ஒரு தகடு நீலம் பாஞ்சு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. கதவுக்குப் பின்னால ஒண்ணு மட்டும் கேரம்போர்டு அகலத்துக்குப் புதுசு, கிழிஞ்சுதுன்னு மாத்தி வெச்சது, அது மட்டும் கண்ணைக் கூசும். என்ஜினுக்குப் பின்னாடி பொகை அடிச்சுக் கருப்பு. கதவு நெலையில மூட்டை ஒரசி ஒரசி வழவழன்னு தேஞ்சிருக்கும்."

அவ்வளவுதான், முடிச்சு வெச்சதை ஆறுச்சாமி மறுபடி கழுவிட்டான். அன்னியிலிருந்து வேலாத்தாக்கா பொழுதோட மில்லைச் சாத்திட்டு அங்க போயி ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. அவ சொல்லச் சொல்ல இவன் ஒரு தகட்டுக்கு ஒரு சொட்டு கருப்பு கலந்தான், ஒண்ணுக்குக் காப்பிக் கலரு கலந்தான், அந்தப் புதுத் தகட்டுக்கு மட்டும் நெசமான அலுமினியத் தாளையே வெட்டி ஒட்டி பஞ்சு வெச்சுத் தேய்ச்சான், பென்சில் தூளைத் தொட்டுப் பொகைக்கறை வெச்சான். ஒரே ஒரு சட்டந்தான், யாரும் கையில தொடக் கூடாது. காயாத வெள்ளியில வெரல் பட்டா அந்த ரேகை சென்மத்துக்கும் போகாது.

கடைசி நாளு, வேலாத்தாக்கா பேச்சு வாக்குல, "இங்கதான், இந்தக் கதவோரத்துல, இடது கைய ஊனிக்கிட்டுத்தான் மூட்டையத் தள்ளுவாராம். கை பட்டுப் பட்டு இந்த எடம் மட்டும் மங்கிக் கெடக்கும்னு சொல்லுவாரு"ன்னு சொல்லிக்கிட்டே கட்டை வெரலை அந்த எடத்துல அழுத்திட்டா. ஆறுச்சாமி போட்ட சத்தத்துல பக்கத்து ஊட்டு நாயி எந்திரிச்சுக் கொலைச்சுது. அப்பறம் கண்ணாடி வெச்சுக் குனிஞ்சு பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். எந்தத் தூளும் எந்தப் பெயிண்டும் குடுக்காத மங்கலு அந்த ரேகையில இருந்துச்சாம். அப்படியே விட்டுட்டான். மறுநாள் காத்தால பாத்தா ரெக்கை மேல வெள்ளையா உறைபனி படிஞ்சு கெடந்துச்சு.

ஏன்னு யாரும் கேக்கலீங்க. குளுருதா, குளுருது. வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது, கரண்டு இல்லை, கோகிலாவுக்குக் கையில பால் பாக்கெட்டு, ப்ளேனுக்கு அடியில வெக்காம அவ வேறெங்க வெப்பா? அவ வெச்சதைப் பாத்து பக்கத்து ஊட்டுக்காரி தயிரு கொண்டு வந்தா, டீச்சரு மருந்து கொண்டு வந்தாங்க, நானு பூக்கூடையத் தூக்கிக்கிட்டுப் போனேன், கோயில் பூசாரி அரைச்ச சந்தனத்தை வாழையெலையில மடிச்சுக் கொண்டாந்தாரு. கறி, மீனு வந்தப்பதான் சண்டை. காலனித் தலைவரு கதிரேசன் வந்து பஞ்சாயத்துப் பண்ணி, மூக்குப் பக்கம் பாலு, பூவு, சந்தனம், வாலுப் பக்கம் கறி, மீனு, நடுவால மருந்துன்னு பிரிச்சு விட்டாரு. அது பாட்டுக்கு நடந்துச்சு. ஊட்டுக்கு ஒறம்பரைக்காரங்க வந்தா, "சித்த இருங்க, ஏரோப்ளேன்ல மோரு வெச்சிருக்கேன், எடுத்துட்டு வாரேன்"னு நாங்க போற அளவுக்கு அது எங்களுக்குப் பழகிப் போச்சு.

காது வெச்சுக் கேட்டா ஙொய்ய்னு ஒரு சத்தம் உள்ளார கேக்கும். நாங்கெல்லாம் கேட்டோம், தேனீயோ என்னமோன்னு விட்டுட்டோம். வேலாத்தாக்காவுக்குத்தான் கேக்காது. அவ என்ன பண்ணினா, மில்லுல பெல்ட்டு தளந்துச்சா, கல்லு தேஞ்சுதான்னு மிஷின் மேல கைய வெச்சுப் பாத்தே சொல்றவளாச்சே, அதே மாதிரி உள்ளங்கைய ப்ளேன் முதுகுல வெச்சா. கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. அப்பறம் காலனிக்கே கேக்கற மாதிரி சொன்னா:

"ரெண்டு என்ஜினும் நல்லா ஓடுது. மேலதான் போயிட்டிருக்காங்க. அவரு இருக்கறாரு!"

இல்லைன்னு சொல்ல எங்களுக்கு வாய் வருமா? மேல போனாத்தானே இத்தனை குளுரு வரும்? கதிரேசன் கூட, "அதானே பாத்தேன்"ன்னுதான் சொன்னாரு. அன்னிக்கே ப்ளேனை ஆறுச்சாமி தாம்பாளத்துல வெச்சு வேலாத்தாக்கா மில்லுக்குக் கொண்டு போயி வெச்சான், எங்க பாலும் பூவும் பின்னாலயே போச்சு. அக்கா மொகத்துல அப்படியொரு வெளிச்சம். மில்லு ஓடற சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி அதுகிட்டப் பேசுவா, ராகி வெலை ஏறிருச்சுங்க, உங்க தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்கன்னு. வெளிய வெயிலு கொளுத்தும்போது சில நாளு ப்ளேன் மேல மட்டும் மழை பேஞ்சு சொட்டச் சொட்ட நிக்கும், அது போற எடத்துல மழையின்னு அவ துண்டை எடுத்து ஒத்தி விடுவா. அவளை அவ்வளவு சந்தோசமா நானு பாத்ததே இல்லீங்க.

கெடுத்தது கோகிலாதான், பாவம், தெரிஞ்சா பண்ணினா? ஒரு ஞாயித்துக்கெழமை கறிய வாலோரத்துல அடுக்கி வெச்சுட்டுக் கையத் தேய்ச்சுக்கிட்டே, "அம்மாடி, சித்த நேரம் நின்னதுக்கே கையி மரத்துப் போச்சு"ன்னா. அதை மட்டும் அக்கா காது எப்படியோ புடிச்சுக்கிச்சு.

"சித்த நேரத்துக்கே மரத்துப் போச்சா கண்ணு?"

"ஆமாங்க்கா, வெறைக்குது."

 அன்னிக்கு வேலாத்தாக்கா சோறு திங்கலை. மறுநாள் எங்க எல்லாத்தையும் மில்லுக்குக் கூப்பிட்டா.

"தொறந்த கதவுகிட்ட நிக்கறாரு"ன்னா. "உக்காரலை, தூங்கலை, ஒரு வாயி சுடுசோறு திங்கலை. நானு இங்க ராகி வெலை சொல்லிக்கிட்டிருக்கேன். என்ன பொம்பளை நானு? ப்ளேனை எறக்கோணும்."

 கதிரேசன்தான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பறக்கற வரைக்கும் இருக்கறாரு. எறங்குனா, அப்பறம் என்னன்னு யாருக்குத் தெரியும்? இத்தனை வருசம் கழிச்சு எறங்கற மனுசன்..."ன்னு இழுத்தாரு.

"தெரியும் தலைவரே. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க?" அக்கா கொரலு மொத மொதலா எறங்கிருச்சு. "கல்யாண ஊட்டுல குங்குமச் சிமிழு எங்கிட்ட வரும்போது மட்டும் நிக்கும். நீட்டறதா வேண்டாமான்னு அந்தப் புள்ளைக முழிக்கும். நானே தொட்டு வெச்சுக்குவேன். வெச்சுக்கிட்டா முதுகுக்குப் பின்னால பேச்சு, வெச்சுக்காட்டியும் பேச்சு. போயிட்டாருன்னு சொல்றதுக்குக் கூட அவரு ஒருக்கா வந்து சேரோணுமில்லீங்களா?"

எனக்கு வாயி சும்மா இருக்குமா? "வைகாசி முகூர்த்தம் முடியட்டும்க்கா, பூவெல்லாம் வீணாப் போயிரும்"னுட்டேன். அவ கோவிக்கலை. என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "உனக்குப் பூவு வாடக்கூடாது சொர்ணம், எனக்கு மனுசன் வாடக்கூடாது"ன்னா. சரோஜினி டீச்சரு மொதல்ல எந்திரிச்சுத் தன்ற மருந்தை எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா அவங்கவங்க பாலை, தயிரை, கறியை எடுத்துக்கிட்டோம், ப்ளேனு ஒண்டியா நின்னுச்சு.

முட்டுக்கட்டை போட்டது ஆறுச்சாமி. பறக்கிற தினுசுல செஞ்சதுனால சக்கரத்தை உள்ள மடிச்சு, மேல ஒட்டி, தேய்ச்சு, வெள்ளி பூசி மூடிட்டான். எறங்கறதுன்னா சக்கரம் வேணும், சக்கரம் வேணும்னா அடிவயித்தை அறுக்கோணும். "பச்சைப் பெயிண்டுன்னா தொட்டுக்கலாம்க்கா. வெள்ளியில ஒரு எடம் போனா மொத்தமும் போச்சு. இப்படி ஒண்ணு இனி என்ற கைக்கு வராது"ன்னு சொல்றப்பவே அவனுக்குக் கண்ணு தளும்பிருச்சு. கோகிலா கூட அன்னிக்குக் கேலி பண்ணலை.

"ஏஞ்சாமி, பொம்மைன்னு தெரியக் கூடாது, நெசமாட்டம் இருக்கோணும்னுதானே இத்தனை பாடு பட்டே?"

"ஆமாங்க்கா."

"நெசமாயிருச்சு. நெசமான ப்ளேனு எறங்கோணும். இல்லை, பொம்மைதான்னு உனக்குத் தோணுச்சுன்னா அறுக்காதே, அப்படியே எடுத்துட்டுப் போயி உன்ற அலமாரியில வெச்சுக்க."

 ஆறுச்சாமி ஊட்டுக்குப் போயி பல் செட்டு அறுக்கிற சின்ன ரம்பத்தை எடுத்துக்கிட்டு வந்தான். வெறைச்சுப் போற கைய வாயில வெச்சு ஊதி ஊதி, அந்த அடிவயித்தை அறுத்தான். வெள்ளி பொளபொளன்னு உதுந்து அவன் மடியில விழுந்துச்சு. பொட்டியில மிச்சம் கெடந்த சக்கரக் கால்களை எடுத்து ஒவ்வொண்ணா வெளிய நிறுத்தி ஒட்டி, காயற வரைக்கும் கையிலயே புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். உள்ள கருப்பும் ப்ளாஸ்டிக்கும் தெரிய, பாக்கவே கோரமா இருந்துச்சு.

சிமெண்டுத் தரையில தொம்முனு எறங்கினா உலுக்கும்னு சொல்லி, வேலாத்தாக்கா மில்லு நெடுகிலும் பச்சரிசி மாவைச் சலிச்சுப் பரப்பினா. நாங்க செவுத்தோரமா நின்னோம். மத்தியான வெயிலு ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு எறங்குது. அவ ப்ளேனைக் கம்பியில இருந்து உருவி, ரெண்டு உள்ளங்கையிலயும் ஏந்தி, முட்டி போட்டு உக்காந்து, மாவுக்கு ஒரு சாண் மேல புடிச்சுக்கிட்டு, "வாங்க, எறங்குங்க, நானு இங்கதான் இருக்கறேன்"ன்னா. அது அவ கைய விட்டு எறங்குச்சு. பின்னாடி மாவு பொகையாட்டம் எழும்ப, ரெண்டு கோடு போட்டுக்கிட்டே மில்லு அந்தக் கடைசி வரைக்கும் ஓடி, மெதுவா ஒரு வட்டம் திரும்பி நின்னுச்சு. இடது என்ஜினு நின்னுச்சு, அப்பறம் வலது. அந்த ஙொய்ய்ங்கிற சத்தம் அடங்கினது எங்களுக்கே கேட்டுச்சு. குளுரு விட்டுப் போச்சு.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்பறம் ப்ளேன் கதவுக்குக் கீழ, மாவுல கடுகளவு பூட்ஸுத் தடம் ஒண்ணு விழுந்துச்சு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. ஆளைக் காணோம், தடம் மட்டும். நாலஞ்சு பேரு எறங்கினாங்க. ஒருத்தரு தடம் நேரா வாசப்படி தாண்டி வடக்கால போச்சு, ஒருத்தரு செவுத்தோரமாப் போனாரு, அவங்கவங்களுக்கும் ஊடு இருக்குதில்லீங்க. கதிரேசன் காலைத் தூக்கி வழி விட்டாரு. கடைசியா எறங்கினவரு மட்டும் சித்த நேரம் நின்னாரு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாரு. அந்தத் தடம் மாவு மேல நெளிஞ்சு நெளிஞ்சு வந்து வேலாத்தாக்காவோட கால் கட்டை வெரல்கிட்ட நின்னு போச்சு.

"கால் நோவுதுங்களா?"ன்னு அவ கேட்டா. அப்பறம் எங்களைப் பாத்து, போங்கங்கற மாதிரி கைய ஆட்டினா. நாங்க வெளிய வந்து கதவைச் சாத்தினோம். உள்ள அடுப்பு பத்த வெக்கற சத்தம் கேட்டுச்சு, சுடுசோத்து வாசம் வந்துச்சு.

மறுநாளு மில்லு ஓடலை. ராகி டப்பாவும் கோதுமை டப்பாவுமா வாசல்ல சனம் நின்னப்ப, அக்கா கதவை ஒரு கீத்துத் தொறந்து, வாயில வெரல வெச்சு, இத்தனை வருசத்துல நாங்க கேட்டே இராத சன்னக் கொரலுல, "சத்தம் போடாதீங்க சாமிகளா, இப்பத்தான் கண்ணசந்தாரு"ன்னா. நாங்க டப்பா மூடி லொடலொடங்காம அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, பக்கத்து ஊரு மில்லுக்கு நடந்தோம். அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். தெருவுல வண்டிக்காரங்க ஹாரன் அடிக்கலை, கோயில்ல பூசாரி மணி ஆட்டலை.

அதுக்கப்பறம் ஒரு நாளு, பொழுது கெளம்பி வெயிலு ஏறினப்ப, கதவு முழுசாத் தொறந்துச்சு. அக்கா தலையை விரிச்சுப் போட்டு நின்னா, நெத்தி வெறுமனே கெடந்துச்சு.

"நல்லாத் தூங்கினாரு"ன்னா. "தூக்கத்துலயே போயிட்டாரு. என்ற ஊட்டுல, என்ற பாயில."

சொல்லிட்டு ஓன்னு அழுதா பாருங்க, ஒரு ஆயுசுக்குச் சேத்து வெச்ச அழுகை, மேல போற ஏரோப்ளேனுக்கே கேட்டிருக்கும். நானு ஓடிப் போயி அவ தோளைக் கட்டிக்கிட்டேன், கோகிலா கட்டிக்கிட்டா, டீச்சரு வந்தாங்க, பொம்பளைங்க எல்லாரும் அந்த மாவு மேலயே வட்டமா உக்காந்து, அன்னிக்குக் காத்தால செத்த மனுசனுக்கு அழற மாதிரியே அழுதோம். ஆறுச்சாமி ப்ளேனை எடுத்து ஓரமா வெச்சுட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வந்து தூணோரமா நின்னான். கதிரேசன் பந்தலுக்குச் சொல்லப் போனாரு.